மகள் போட்ட கணக்கில் ஒரு தீவுப் பயணம்



குடும்பத்தோடு மாலைதீவுக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, "அவ்வளவு காசு எங்க இருந்து வந்தது?" என்பதுதான். கேட்பவர்களில் பிழையில்லை. மாலைதீவு என்றதும் கடலுக்கு மேலே மரக்கால் ஊன்றிக் கட்டிய அறைகளும், ஓர் இரவுக்கு நம் ஒரு மாதச் செலவை வாங்கிக்கொள்ளும் ஹோட்டல்களும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்த மாலைதீவை நாங்கள் தூரத்தில் இருந்தும் பார்க்கவில்லை.

அந்த நாட்டில் ஏறத்தாழ 1,190 தீவுகள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 190 தீவுகளிலேதான் ஊர்மக்கள் வாழ்கிறார்கள். 1972இல் சுற்றுலாத் தொழில் தொடங்கியபோது ஆளில்லாத தீவுகளில் ஹோட்டல்களைக் கட்டினார்கள். 2009ஐ ஒட்டிய காலத்திலிருந்து மக்கள் வாழும் தீவுகளிலும் சிறிய விருந்தினர் விடுதிகள் நடத்த வழி திறந்தது. அதன் பிறகுதான் நம்மைப் போன்ற குடும்பங்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய இடமாக அது மாறியது. பள்ளிவாசலும், பாடசாலையும், தேநீர்க் கடையும், பின்னேரங்களில் வாசலில் இருந்து கதைக்கும் பெண்களும் உள்ள ஊர்கள் அவை. மதுபானமும் பன்றி இறைச்சியும் அங்கே தடை. சாப்பாட்டைப் பற்றி ஒவ்வொரு இடத்திலும் விசாரிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

ஆனால் நாங்கள் போனதற்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கணவர் பன்னிரண்டு வருடமாகக் கட்டாரில் வேலை செய்கிறார். இரண்டு வருடத்திற்கு ஒருமுறை லீவில் வருவார். வரும் நாட்களில் கலியாண வீடுகள், மௌத்து வீடுகள், மாமிமாரின் விருந்துகள், பாதியில் நிற்கும் மேல் வீட்டு வேலை, வங்கிக் காரியம் என்று நேரம் ஓடிவிடும். திரும்பிப் போகும் அன்றுதான் "பிள்ளையோட இருந்து பேசவே கிடைக்கல்லையே" என்பார். வெளிநாட்டில் கணவர் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். எங்கள் மூத்த மகளுக்குப் பதினாறு வயது. தொலைபேசியில் வாப்பா கேட்பவற்றுக்கு "ம்", "நல்லம்", "சரி வாப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். ஒருநாள் என்னிடம், "வாப்பாக்கு நான் இன்னமும் நாலாம் வகுப்புப் புள்ளதான் உம்மா. இப்பவும் கலர் பென்சில்தான் அனுப்புறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய ஓ.எல். பரீட்சையும் நோன்புப் பெருநாளும் முடியும் நேரத்தில் அவருடைய லீவும் வந்தது. இன்னும் இரண்டு லீவு கழிந்தால் அவள் படிப்புக்கோ கலியாணத்துக்கோ போய்விடுவாள். மேல் வீட்டுக்கு என்று சேர்த்திருந்த பணத்தில் ஒரு பகுதியும், நான் பிடித்த சீட்டுக் காசும் இருந்தன. ஓடு பிறகும் போடலாம், நான்கு நாள் நாங்கள் மட்டும் எங்காவது இருப்போம் என்று அவரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். இளையவன் உம்மும்மாவோடு நின்றுகொண்டான்.

கடல் நம் ஊரிலேயே இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் கடலில் குமர்ப்பிள்ளை ஒருத்தி முழங்கால் வரை இறங்கினால் மஃரிபுக்கு முன் பத்து வீட்டுக்குச் செய்தி போய்விடும். அதோடு, உள்நாட்டில் எங்கே போனாலும் அவருடைய கூட்டாளி ஒருவரோ சொந்தக்காரர் ஒருவரோ வந்து "வீட்டுக்கு வராமப் போறதா?" என்று அழைத்துக்கொண்டு போய்விடுவார்.

பயண முகவரிடம் கேட்டபோது அவர் சொன்ன தொகை எங்களுக்கு எட்டவில்லை. அப்போதுதான் நாங்களே ஏற்பாடு செய்வோம் என்று முடிவெடுத்து, ஒரு சி.ஆர். கொப்பியை மகளிடம் கொடுத்தோம். "இவ்வளவுதான் காசு. இதற்குள் மூன்று பேரும் போய் வர வேண்டும். நீதான் திட்டம் போடணும்" என்று அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. இரண்டு நாள் அந்தக் கொப்பியைத் தொடவும் இல்லை. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு வந்து, "வாப்பா, மழை எப்ப தொடங்கும் தெரியுமா?" என்று கேட்டாள்.

சகோதரிகளே, பயணம் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிட்டது.

மாலைதீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். விலையும் அப்போதுதான் அதிகம். மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவமழை, விலை இறங்கும். இரண்டுக்கும் நடுவில் ஏப்ரல் கடைசியை அவள் குறித்தாள். அடுத்தது எந்தத் தீவு என்பது. தர்ப்பூசணியும் பப்பாசியும் விளையும் தொட்டூ தீவின் மீது அவளுக்கு ஆசை. ஆனால் அது தலைநகர் மாலேயிலிருந்து தூரம், படகுச் செலவு கூட. மாஃபுஷி தீவு மாலேக்குத் தெற்கே சுமார் 27 கிலோமீற்றரில் இருக்கிறது. விடுதிகள் நிறைய இருப்பதால் போட்டியில் விலை குறைகிறது. தர்ப்பூசணியை விட்டுக்கொடுத்து மாஃபுஷியை எழுதினாள். ஒன்றை அடைய இன்னொன்றை விட வேண்டும் என்று நாம் எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, சொந்தக் கையால் கணக்கு எழுதும்போது ஏறிவிடுகிறது.

விடுதிக் கணக்கில் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று பேருக்கான அறை ஓர் இரவுக்கு 55 டொலர் என்று போட்டிருந்தது. நான்கு இரவுக்கு 220 என்று நான் நினைத்தேன். மகள் அடியில் இருந்த சிறிய எழுத்துக்களைப் படித்தாள். சேவைக் கட்டணம் 10 சதவீதம் சேர்ந்தால் 242. அதன் மேல் சுற்றுலாப் பொருள் சேவை வரி, 2025 ஜூலை முதல் 17 சதவீதம், சேர்ந்தால் 283. அதற்கும் மேலே பசுமை வரி. மக்கள் வாழும் தீவுகளில் ஐம்பது அறைக்கு உட்பட்ட விடுதிகளில் 2025 முதல் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டொலர். மூன்று பேருக்கு நான்கு இரவு என்றால் 72. ஆக மொத்தம் 355 டொலர்! "வரி எல்லாம் சேர்ந்ததா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் அறை பதியாதீர்கள். காலைச் சாப்பாடு சேர்ந்திருப்பது நல்லது.

அடுத்தது படகு. விமான நிலையம் மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுலே என்ற தீவில் இருக்கிறது. 2018இல் திறந்த பாலத்தின் வழியாக பஸ்ஸிலேயே மாலேக்குப் போகலாம். அங்கிருந்து மாஃபுஷிக்கு விரைவுப் படகில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஆனால் ஆளுக்கு ஒரு வழிக்கு ஏறத்தாழ 20 டொலர். ஊர்மக்கள் போகும் பொதுப் படகு மெதுவாக ஒன்றரை மணித்தியாலம் போகும். கட்டணம் சில டொலர்களே. அது நினைத்த நேரத்திற்கெல்லாம் கிடைக்காது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, பொதுப் படகை நம்ப முடியாது. எனவே விமானம் இறங்கும் நாளையும் நேரத்தையும் படகு நேரத்தோடு பொருத்திய பிறகுதான் டிக்கட் வாங்க வேண்டும். மகள் இதைக் கட்டம் போட்டு வரைந்து வைத்திருந்தாள். அந்நாட்டு மணி நம் மணியைவிட அரை மணித்தியாலம் பின்னால் என்பதும் அந்தக் கட்டத்தில் இருந்தது.

விசாவுக்குக் காசு இல்லை. முப்பது நாள் அனுமதி விமான நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வரும் டிக்கட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். புறப்படுவதற்கு முந்திய 96 மணித்தியாலத்திற்குள் இமூகா என்ற அரசாங்கப் பயணப் பத்திரத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதுவும் இலவசம். காசு கேட்கும் இடம் எதுவானாலும் விலகிவிடுங்கள். திரும்பும்போதும் அதை நிரப்ப வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்தில் விமானம் இறங்கிவிட்டது. கட்டாருக்குப் போய் வந்து பழகிய மனிதர், கடவுச்சீட்டு வரிசையில் மகளுக்குப் பின்னால் நின்றார். எந்த பஸ், எந்தப் படகுத்துறை, எத்தனை ரூஃபியா என்று எல்லாம் அவளே சொன்னாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். "இவ்வளவும் உனக்கு எப்படி மகள் தெரியும்?" என்று படகில் இருந்து கேட்டார். அந்த ஒன்றரை மணித்தியாலமும் இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பியிருந்தேன். மெதுவாகப் போகும் மலிவான படகுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

குளிக்கும் விஷயத்தைப் பெண்களுக்காகத் தெளிவாகச் சொல்கிறேன். வெளிநாட்டவர் அவர்கள் பழக்கப்படி குளிக்க ஊர்த் தீவுகளில் கடற்கரையின் ஒரு பகுதியை மறைத்து ஒதுக்கியிருப்பார்கள். மற்றக் கடற்கரையில் ஊர்ப் பெண்கள் முழு உடையோடும் தலைமறைப்போடும்தான் இறங்குகிறார்கள். ஊர்க் குடும்பங்கள் எங்கே, எந்த நேரத்தில் குளிக்கிறார்கள் என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அஸருக்குப் பிறகு போவோம். என் மகளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடற்கரை ஊரில் பிறந்தும் அவளுக்கு நீந்தத் தெரியாது. என் கணவரோ சிறு வயதில் தோணியில் போய்ப் பழகியவர். தரையில் அவள் வழிகாட்டினாள், தண்ணீரில் அவர். உயிர்காப்பு அங்கி போட்டு, ஆழமில்லாத இடத்தில், முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்து மிதக்கப் பழக்கினார். மூன்றாம் நாள் கையை எடுத்துவிட்டார். அவள் மிதந்தாள். "வாப்பா, விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். "எப்பவோ விட்டுட்டேன் மகள்" என்றார். பவளப்பாறை விளிம்புக்கு அப்பால் நீரோட்டம் பலமாக இருக்கும். நீந்தத் தெரிந்தவரும் அந்த ஊர் ஆள் ஒருவர் இல்லாமல் போகக்கூடாது. பவளத்தின் மேல் கால் வைக்கவும் கூடாது, அதை எடுத்து வரவும் கூடாது. சட்டப்படி குற்றம்.

சாப்பாடு நமக்கு அந்நியமில்லை. காலையில் மாஸ் ஹுனி என்று சூரை மீன், தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு தருவார்கள். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசி அந்த நாட்டுக் கடலில் இருந்து எத்தனையோ தலைமுறையாக நம் அடுப்படிக்கு வருகிறதே! படகை அவர்கள் தோனி என்கிறார்கள். திரும்பும் வழியில் மாலேயில் 1658இல் பவளக் கல்லால் கட்டிய பழைய ஜும்ஆப் பள்ளியைப் பார்த்தோம். இப்னு பதூதா அந்த நாட்டில் காழியாக இருந்துவிட்டு 1344இல் இலங்கைக்கு வந்தவர். பாடப்புத்தகத்தில் படித்த பெயர் கப்பல் ஏறிய கடல் இதுதானா என்று மகள் கேட்டாள்.

கையிருப்பு குறைவான சகோதரிகள் மனம் சோர வேண்டாம். மன்னார்த் தீவுக்குப் பாலத்தால் போகலாம். குறிகட்டுவானில் படகேறினால் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவு. அங்கே காட்டுக் குதிரைகளும் பவளக்கல் வேலிகளும் உண்டு. எந்தத் தீவானாலும் கணக்குக் கொப்பியை வளர்ந்த பிள்ளையின் கையில் கொடுங்கள். இருக்கும் தொகையை மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளை ஒன்றைத் தெரிவு செய்தால், உங்களுக்கு வேறு விருப்பம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். முகவர் ஒருவர் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தால் எங்களுக்கு அலைச்சல் குறைந்திருக்கும். ஆனால் வாப்பாவும் மகளும் ஒருவரிடம் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருந்திருக்கும்?

மேல் வீட்டுக்கு இன்னும் ஓடு போடவில்லை. அவர் கட்டாருக்குத் திரும்பிப் போய்விட்டார். கணக்கில் மிஞ்சியது பதினொரு டொலர். அதை மகள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி, "அடுத்த லீவுக்கு, தொட்டூ" என்று எழுதி வைத்திருக்கிறாள். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி அடித்தால் முதலில் எடுப்பவள் அவள்தான். எனக்குப் பேசக் கிடைப்பது கடைசி ஐந்து நிமிடம். அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அது போதும்.