மண் குதிரை

"மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா?" என்று கேட்பது நம் நாட்டு வழக்கம். அந்தப் பழமொழியில் இருப்பது குதிரையே அல்ல, ஆற்று நடுவில் தோன்றும் மண் 'குதிர்'தான் என்று வாதிக்கும் பண்டிதர்களும் உண்டு. அந்தச் சண்டையில் நாம் தலையிடப் போவதில்லை. ஆற்றைக் கடக்க மண் குதிரை உதவாது என்பது உண்மையே. ஆனால், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் கடப்பதற்கு அதைவிடச் சிறந்த வாகனத்தை நாம் இதுவரை கண்டதில்லை.

நமக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. உத்தியோகமோ பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுப்பது. இப்படிப்பட்டவர் அரைச் சாண் உயரத்தில் குதிரை பொம்மை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் உலகம் சும்மா இருக்குமா? "ஸாருக்கு இன்னும் பால்யம் போகவில்லை" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நமது மனைவியோ புத்தக அலமாரியின் மேல் தட்டுக்கு "லாயம்" என்றே பெயர் சூட்டிவிட்டாள்.

இந்தப் பைத்தியம் நம் ஒருவருக்கு மட்டும் பிடித்ததல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துப் பிரேயர் கம்பெனியார் 1950-ம் வருஷத்தில் ஒரு கடிகாரத்துக்கு அலங்காரமாகப் பிளாஸ்டிக் குதிரை ஒன்றை வார்த்துக் கொடுத்தார்கள். பிறகு கடிகாரம் போய்விட்டது, குதிரை நிலைத்துவிட்டது. 1990 முதல் கெண்டகி மாகாணத்து லெக்ஸிங்டனில் இந்தக் குதிரைகளுக்கென்று திருவிழாவே நடத்துகிறார்கள். பெரியவர்களே அவற்றுக்குப் புது வர்ணம் தீட்டுகிறார்கள். சேணமும் கடிவாளமும் தைக்கிறார்கள். போட்டியில் வரிசையாக நிறுத்துகிறார்கள். நடுவர்கள் உயிருள்ள குதிரையைப் பரிசோதிப்பது போலவே கால் மூட்டையும் கழுத்து வளைவையும் பார்த்துப் பரிசளிக்கிறார்கள்.

இதில் அடங்கியுள்ள கணக்கு மிகச் சுலபமானது. குதிரையின் உயரத்தை ஆங்கிலேயர் 'கை' என்ற அளவினால் சொல்வார்கள். ஒரு கை என்பது 4 அங்குலம். 15 கைக் குதிரை தோள்மேட்டில் 5 அடி நிற்கும். அதைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்தால் 5 அங்குலம், அடியெல்லாம் அங்குலமாகிவிடுகிறது. ஆனால் பொருள்கள் கணக்குக்குக் கட்டுப்படுகின்றனவா? நிஜச் சேணத்தின் வார் அரைக்கால் அங்குலக் கனம் இருக்குமானால், நம் குதிரையின் வார் அங்குலத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் இருக்கவேண்டும். பழைய மணிபர்ஸின் உள் தோலை எடுத்து, அது காகிதம் போல் ஆகும் வரையில் தேய்க்க வேண்டியிருக்கிறது. களிமண்ணுக்குள் கம்பி வைத்தாலோ, காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது, விரிசல் விழும். ஆகையால் கம்பிக் கூட்டின்மேல் காகிதக் கூழையும் புளியங்கொட்டைப் பசையையும் குழைத்து அப்புகிறோம்.

கை இப்படிப் பாடுபடும்போது கண் ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. குதிரையின் பின்னங்காலில், பின்புறம் துருத்திக்கொண்டு நிற்கும் மூட்டை முழங்கால் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது நம்முடைய குதிகாலுக்குச் சமானம். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றோரமாக இருக்கிறது. முன்னங்காலில் முழங்கால் என்று நாம் சொல்வது நம்முடைய மணிக்கட்டு. ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில், அந்த விரலின் நகமாகிய குளம்பை ஊன்றி அந்த மிருகம் நிற்கிறது. இதை அறியாமல் செய்தால், கிடைப்பது குதிரையல்ல, நாலு கால் மேஜை!

உலகத்துப் பெரிய சித்திரக்காரர்களே குதிரையை வெகு காலம் சரியாகப் பார்க்கவில்லை. ஓடும் குதிரை முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி ஆகாயத்தில் மிதப்பதாகவே அவர்கள் எழுதி வந்தார்கள். 1878-ல் மைப்ரிட்ஜ் என்பவர் கலிபோர்னியாவில் வரிசையாகக் காமிராக்களை நிறுத்திப் படம் பிடித்தபோதுதான் விஷயம் வெளியாயிற்று. பாய்ச்சலில் நாலு கால்களும் தரையை விட்டு எழும் கணம் உண்டு. ஆனால் அப்போது அவை வயிற்றின் கீழே மடங்கிக் கூடியிருக்கின்றன. பாரிஸ் ஓவியர் தெகா இந்தப் படங்களை ஊன்றிக் கவனித்தவர். அவர் 1917-ல் காலமானபோது, சித்திரசாலையில் மெழுகாலும் களிமண்ணாலும் செய்த சுமார் 150 சிறு உருவங்கள் கிடந்தன. அவற்றில் குதிரைகளும் இருந்தன. ஆயுள் காலத்தில் அவர் உலகத்துக்குக் காட்டிய சிற்பம் ஒரு நாட்டியச் சிறுமி மட்டுமே. மற்றவை யாவும் அவர் தமக்கென்று செய்துகொண்டவை!

அப்படியானால், நம் கிராமத்து ஐயனார் குதிரைகள் தப்பானவையா? தூண் போன்ற கால்கள், அகன்ற மார்பு, உருண்ட கண்; எந்த லாயத்திலும் இப்படி ஒரு குதிரை கிடையாது. வங்காளத்தில் பாங்குரா ஜில்லாவைச் சேர்ந்த பாஞ்ச்முராக் குயவர்கள் செய்யும் குதிரைக்கோ, நீண்ட கழுத்தும் இலை போல் நிமிர்ந்த காதுகளும் இருக்கின்றன. மண்ணை ஒருமுறை கையாண்டவர்கள் இவற்றைக் கேலி செய்யமாட்டார்கள். மெல்லிய மண் கால் பெரிய உடலைத் தாங்காது. ஆகவே குயவர் காலைத் தூணாக்கினார். சூளையில் வெடிக்காதிருக்க உடலைக் குடம் போல் உள்ளீடற்றதாக்கினார். அமெரிக்கக் குதிரை பிளாஸ்டிக்குக்கு அடங்கி நிற்பதுபோல ஐயனார் குதிரை மண்ணுக்கு அடங்கி நிற்கிறது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கங்களில் புரவி எடுப்பின்போது இக்குதிரைகளை ஊரே தோளில் சுமந்து செல்லும் கம்பீரம் கண்கொள்ளாக் காட்சி. இப்போது பல கோயில்களில் சிமெண்டுக் குதிரைகள் வந்துவிட்டன. அவை நெடுநாள் நிற்கலாம். ஆனால் புதுக் குதிரைக்காக ஊரார் வேளார் வீட்டு வாசலுக்குப் போகவேண்டிய அவசியம் அங்கே அற்றுப்போகிறது.

இதெல்லாம் இருக்கட்டும், லாபம் என்ன? சென்ற வருஷம் ஒரு கடைக்காரர் நம் லாயத்தைப் பார்த்துவிட்டு, நவராத்திரிக் கொலுவுக்கு 50 குதிரைகள் செய்து தரும்படி கேட்டார். பெண்ணின் காலேஜ் சம்பளம் கட்டவேண்டிய மாதம் அது. "இத்தனை நாள் வீட்டை அடைத்த குப்பைக்கு இப்போதாவது ஒரு பலன் கிடைக்கட்டுமே!" என்றாள் நமது மனைவி. நியாயமான வார்த்தைதான். ஆயினும் நாம் மறுத்துவிட்டோம். மாதச் சம்பளம் வாங்குகிறவர் பொம்மை செய்து பிழைப்பவரின் சந்தையில் போய் நிற்பது அழகல்ல என்பது ஒரு காரணம். மற்றொன்று நம் சுயநலம். முதற் குதிரையைக் கண் பார்த்துச் செய்கிறது. ஐம்பதாவது குதிரையைக் கை தானாகச் செய்துவிடுகிறது. பார்ப்பதற்காகத்தானே இதில் இறங்கினோம்!

மனைவி இதை ஒப்புக்கொண்டாள் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மறுநாள் லாயத்தைத் தூசி தட்டும்போது ஒரு குதிரையை உற்றுப் பார்த்து, "இரண்டு காதும் ஏன் முன்னாலேயே நிற்கின்றன? வண்டிக் குதிரை சத்தம் வரும் பக்கம் ஒரு காதைத் திருப்புமே!" என்றாள். உள்ளதைத்தான் சொன்னாள்.

வாசகர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றுதான். ஒரே ஒரு குதிரையை உங்கள் கையால் செய்து பாருங்கள். அது நிற்காமல் விழுந்தாலும் பாதகமில்லை. அதன் பிறகு கொலுப் பொம்மை வாங்கப் போகும்போது வேளார் சொல்லும் விலையில் நாலணாக் குறைக்கவும் உங்களுக்கு மனம் வராது.