641-க்குப் போகும் வழி

பெரிய எண் ஒன்றை எடுத்துக்கொண்டு பேனாவும் தாளுமாக உட்கார்ந்து காரணி தேடுவது என் நெடுநாள் பழக்கம். கணினி நொடியில் சொல்லிவிடும்தான். ஆனால் எதையெல்லாம் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை என்று யோசித்து ஒதுக்குவதில்தான் இந்த வேலையின் ருசியே இருக்கிறது.

அந்த ருசியை எனக்குக் காட்டிய எண் 4294967297. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் வருவது. அடுக்கை 1-இலிருந்து இரட்டித்துக்கொண்டே போகும் இதே வரிசையில் இதற்கு முன்னால் நிற்கும் 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா, வரிசை முழுக்க இப்படித்தான் போகும் என்று நம்பினார். 641 இந்த எண்ணை மீதியின்றி வகுக்கிறது என்று 1732-இல் ஆய்லர் காட்டினார்.

ஒன்றும் யோசிக்காமல் வகுக்க இறங்கினால், 65536 வரையுள்ள 6,542 பகா எண்களும் காத்திருக்கும். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும் என்று ஆய்லர் பிற்பாடு நிறுவினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லூக்கா அந்த 64-ஐ 128 ஆக்கினார். இனி 129, 257, 385, 513, 641 என்று போனால் போதும். இவற்றில் 129, 385, 513 பகா எண்களே அல்ல. 257? நம் எண்ணிலிருந்து 2-ஐக் கழித்தால் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65537. இந்தப் பெருக்கலை வகுக்கும் 257 நம் எண்ணையும் வகுத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள 2-ஐயும் வகுத்தாக வேண்டும். நடக்காது. ஆக, முதலில் சோதிக்க வேண்டிய எண்ணே 641.

அதற்கும் நீள் வகுத்தல் வேண்டாம். 640 என்பது 5 × 128, அதாவது 5 × 2⁷. 641-ஆல் வகுத்தால் இதற்கு மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 5⁴ என்பது 625. 641-க்கு 16 குறைவு. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1. 2³²-க்கு மீதி −1. ஒன்றைக் கூட்டினால் சுழி. பத்து இலக்கத்தை ஒருமுறைகூட எழுதாமல் வேலை முடிந்துவிடுகிறது! கணக்கில் இதைவிட அழகான நான்கு வரிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

மீந்த காரணி 6700417. அது பகா எண்தானா? வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். அதுவரை 128-இன் மடங்கோடு 1 என்ற வடிவில், 257-ஐ விட்டால், உள்ள பகா எண்கள் 641, 769, 1153, 1409. நான்கு முறை வகுக்கிறேன். மீதி 44, 120, 334, 622. பகா எண்தான்.

வரிசையில் அடுத்தது 2⁶⁴ + 1, இருபது இலக்கம். இங்கே காரணிகள் 256-இன் மடங்கோடு 1. முன்பு ஐந்தாவது மடங்கிலேயே விடை கிடைத்தது. இம்முறை 1,071-ஆவது மடங்குவரை நடக்க வேண்டும். அங்கே நிற்கும் 274177-ஐ 1880-இல் லாண்ட்ரி கண்டெடுத்தார்.