கேட்டால்தான் தெரியும்!

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டுக்கும் நடுவே எங்கள் ஸ்ரீரங்கம் தீவாக நிற்கிறது. பிரிந்த தண்ணீர் திரும்பி மேலே ஏறாது. ஆனால் நாம் எழுதும் புரோகிராம் கிளையாகப் பிரிந்தாலும், அடிக்கடி பொது இடத்தோடு வந்து சேர வேண்டும். அதற்கு உதவும் 'கிட்' பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

லினக்ஸ் கெர்னல் வேலைக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது கிட். சர்வரில் இருக்கும் முழு வரலாறும் நம் கம்ப்யூட்டரிலும் இருக்கும். எங்க வீட்டில் இன்டர்நெட் கிடையாது. அம்மா பூ கட்டுகிறார்; அப்பா சுமை தூக்குகிறார். படிக்க வந்த முதல் ஆள் நான்தான். பழைய லேப்டாப்பில் ராத்திரி எழுதியதை நெட் இல்லாமலே 'கமிட்' செய்து வைப்பேன். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து வந்து, கல்லூரியில் 'புஷ்' செய்வேன்.

இதற்கிடையில் மற்றவர்கள் அனுப்பியதை கிட் தானாக வந்து சொல்லாது. 'ஆரிஜின் மெயின்' என்று நம் லேப்டாப் காட்டுவது, கடைசியாக நாம் கேட்டபோது இருந்த நிலை. 'ஃபெட்ச்' கொடுத்தால் புதுச் செய்தி வரும். நம் வேலையைத் தொடாது. 'புல்' கொடுத்தால் வந்ததை நம் கிளையோடு சேர்த்தும் விடும். 'ரீபேஸ்' சேர்த்துக் கொடுத்தால், அவர்கள் வேலைக்கு மேல் நம் கமிட்டுகளை அடுக்கி வைக்கும். இரண்டு பேரும் ஒரே வரியை மாற்றியிருந்தால், "எது வேண்டும்?" என்று நம்மிடமே விட்டுவிடும்.

எங்கள் புராஜெக்ட், பூக்கடைக் கணக்கு. நாலு பேர் குழு. ஒப்படைப்பதற்கு முதல் நாள் ஒரு நண்பனின் புஷ் 'ரிஜெக்டட்' என்று திரும்பி வந்தது. பதற்றத்தில் 'ஃபோர்ஸ்' கொடுத்துவிட்டான். தோழி ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய பில் பகுதி சர்வரிலிருந்து காணாமல் போனது. அவளும் வீட்டில் முதல் பட்டதாரியாக வேண்டியவள். "போச்சுடா எல்லாம்!" என்று அழுதுவிட்டாள்.

போகவில்லை. அவள் லேப்டாப்பில் அவள் கிளை அப்படியே இருந்தது. அதைப் புதுக் கிளையாக அனுப்பி, நண்பன் எழுதியதோடு 'மெர்ஜ்' செய்தோம். முடிக்க ராத்திரி ஒன்பது மணி. மறுநாள் நாலு பேர் வேலையும் சேர்ந்தே ஒப்படைக்கப்பட்டது.

'ரிஜெக்டட்' என்ற சொல் நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்குப் பயமான சொல். கிட் சொல்லும்போது அதற்கு அர்த்தம் வேறு: "உனக்கு முன்னால் இன்னொருத்தர் உழைப்பு வந்திருக்கிறது, முதலில் அதை வாங்கிக்கொள்." அவ்வளவுதான்.

ஆகவே ஜூனியர் தம்பி தங்கைகளே, வேலை தொடங்கும்போது ஒரு தடவை, அனுப்பும் முன் ஒரு தடவை ஃபெட்ச் கொடுங்கள். பொதுக் கிளையில் ஃபோர்ஸ் வேண்டவே வேண்டாம். சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேளுங்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத நமக்கு, கேட்பதில் என்ன வெட்கம்?