பனையும் பீப்பாயும்

சென்ற பங்குனியில் எனக்கு 23 வயது நிறைந்தது. பிறந்த நாள் கொண்டாடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆயினும், சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மாமா, "இனிமேல் கேரளச் சட்டம் உன்னைத் தடுக்காது" என்று சிரித்தார். மது அருந்தும் வயதை 2017-ஆம் ஆண்டில் இம்மாநிலம் 21-லிருந்து 23-ஆக உயர்த்திவிட்டதல்லவா? அவர் பெட்டியிலிருந்து வெளிவந்தது யமசாகி என்னும் ஜப்பானிய விஸ்கி. பன்னிரண்டு ஆண்டு முதிர்ந்தது.

நண்பர்களே, முகம் சுளிக்க வேண்டாம். குடியின் பெருமை பாட நான் வரவில்லை. என் தந்தை ஈரல் கெட்டு இறந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். அன்றுமுதல் எந்தப் புட்டியும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. அம்மாவின் தம்பி கொண்டுவந்ததால் இது ஏறிவிட்டது.

எங்கள் வீடு பாறசாலைக்கு அருகே. பாட்டா இளமையில் உடன்குடிப் பக்கத்திலிருந்து பனையேற வந்தவர். நெய்யாற்றின்கரை வட்டாரத்துப் பனைகள் பலவும் அவர் கால் பட்டவை. சிறிது தொலைவு நடந்தால் களியக்காவிளை, அங்கே தமிழ்நாடு. அந்தப் பக்கம் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு. பனை என்னவோ ஒன்றுதான். கலயத்தினுள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் நொதிக்கும் நுண்ணுயிர் பெருகாது என்று வகுப்பில் கேட்டபோது, பாட்டாவின் விரல்கள் என் நினைவுக்கு வந்தன. ஆனால் என் பாட்டா பனையேறி என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்ல நாக் கூசிற்று.

மாமா மூன்று கண்ணாடித் தம்ளர்களில் அரைவிரல் அளவு ஊற்றினார். வேதியியல் மாணவனாயிற்றே, நான் சொற்பொழிவு தொடங்கினேன். ஒரே வடிசாலையில், முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு வடிப்பது சிங்கிள் மால்ட். மசடாகா டகேட்சுரு என்பவர் 1918-இல் ஸ்காட்லாந்து சென்று தொழில் கற்றார். கியோட்டோவுக்கு அருகே யமசாகி வடிசாலை 1923-இல் தொடங்கப்பட்டது. சாராயம் 43 விழுக்காடு. பாட்டா எதையும் காதில் வாங்கவில்லை. கள் புளித்துவிட்டதா என்று கலயத்தை முகர்வதுபோலக் கண்களை மூடித் தம்ளரை முகர்ந்தார்.

"கொப்பரை வாடை அடிக்குது."

எனக்கோ மருத்துவமனை நெடிதான் தெரிந்தது.

"அவசரப்படாதே மக்களே. வாயைக் கொஞ்சம் திறந்து முகரு. ரெண்டு சொட்டு தண்ணி விடு."

விட்டேன். நெடி அடங்கிற்று, தேன், பழுத்த பழம், பிறகு மெய்யாகவே தேங்காய்! ஓக் மரப் பீப்பாயிலிருந்து ஊறும் லாக்டோன் ஒன்றுதான் அம்மணத்துக்குக் காரணம் என்று பின்னர் படித்தேன். நீர் கலந்தால் குவையக்கால் என்னும் மணப்பொருள் மேற்பரப்புக்கு வருவதாக, 2017-இல் சுவீடன் அறிஞர் இருவர் கணிப்பொறியில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். பாட்டா கணக்கிடவில்லை.

ஒரு மிடறு பருகி, நெடுநேரம் நாவில் நிறுத்தினார். "பரணிலே வெச்ச பழங்கருப்பட்டி" என்றார். பிறகு, "கள்ளுக்கு ஆயுசு ஒரு நாள். காலையிலே இறக்கினது சாயங்காலம் வேற ஆளு. இதுக்கு மரம் பன்னிரண்டு வருஷம் காவல் இருந்திருக்கு" என்றார்.

பன்னிரண்டு வருஷம்! மனம் கணக்குப் போட்டது. இந்தச் சாராயம் பீப்பாயில் இறங்கிய ஆண்டில் அப்பா உயிரோடு இருந்தார்; அடிக்கடி என்னைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துச் செல்வார்.

அடுக்களை நிலையில் அம்மா நின்றாள். என்ன துணிவோ, என் தம்ளரை நீட்டினேன். வாங்கி முகர்ந்தாள்.

"நல்ல வாசனைதான்" என்றாள். சற்றுப் பொறுத்து, "உங்க அப்பா எதையும் முகர்ந்து பார்த்ததில்லை. ஒரே மடக்கு."

மூன்று தம்ளர்களையும் கொல்லைக்கு எடுத்துப் போய்ச் சாம்பலிட்டுத் துலக்கினாள். மறுநாள் மாமா தம் வீட்டுக்குப் புறப்பட்டபோது புட்டி அவர் பெட்டியில், பழந்துணியில் பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தது. சுற்றியவள் அம்மா.