பிழை கண்டவருக்கு என்ன பரிசு?



கடந்த தீபாவளிக்கு முன்னாள் மாணவன் ஒருவன் இல்லம் வந்திருந்தான். இப்போது கோலாலம்பூரில் கணினித்துறையில் பணி. ஓய்வு வேளைகளில் பிளாக்செயின் ஆய்வுக்குழு ஒன்றில் உழைக்கிறான். பலருடைய கணினிகளிலும் ஒரே கணக்கேட்டின் படி இருக்கும், ஒரு பக்கத்தை மாற்றினால் பின்வரும் பக்கங்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் விளக்கி முடிப்பதற்குள் முறுக்குத் தட்டு காலியாகிவிட்டது.

அவனது மனக்குறை வேறு. அக்குழுவில் உறுப்பினரின் பங்களிப்பை எண்ணிக்கையால் அளந்து டோக்கன் வழங்கினராம். உடனே ஓர் ஆய்வைப் பத்துத் துண்டாக்கி அளித்தோர் பட்டியலின் உச்சிக்கு ஏறினர். பிறர் கணக்குகளைப் பொறுமையாகப் படித்து, பிழையுள்ள வரியைச் சுட்டிக்காட்டிய பெண்மணியின் பெயர் எங்கும் இல்லை.

"அவங்க இல்லன்னா எங்க ஆய்வே தப்பாப் போயிருக்கும், டீச்சர்."

அவன் சென்றபின் அத்துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். பிட்காயினுக்கு வித்திட்ட சத்தோஷி நகமோட்டோவின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்பதே பக்கம். அதன் இறுதியில் குறிப்பிடப்பட்ட எட்டுப் படைப்புகளுள் மூன்று, மின்னாவணங்களுக்கு நேரமுத்திரை இடும் வழியை 1990களில் ஆராய்ந்த ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகியோர் பங்கேற்று எழுதியவை. தம் உண்மைப் பெயரையே மறைத்த மனிதர், யாருக்குக் கடன்பட்டோம் என்பதை மறைக்கவில்லை!

2009 ஜனவரியில் சத்தோஷி அனுப்பிய பத்து பிட்காயின்களைப் பெற்றவர் அமெரிக்க நிரலாளர் ஹால் ஃபின்னி. இருவருக்கிடையே நடந்த முதல் பிட்காயின் பரிமாற்றம் அதுவே. மென்பொருளை ஓட்டிப் பார்த்து, கண்ட பிழைகளைச் சத்தோஷிக்கு எழுதியனுப்பியவரும் அவரே. அதே ஆண்டு அவருக்குத் தசைகளை முடக்கும் ஏ.எல்.எஸ். நோய் கண்டது. உடல் முடங்கிய பின்னும் விழியசைவை அறியும் கருவியைக் கொண்டு நிரல் எழுதினார். 2014 ஆகஸ்டில் மறைந்தார். பின்னர் வந்த எத்தீரியத்தார் தம் நாணயமான ஈதரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 'ஃபின்னி' என்று பெயரிட்டனர். 2020இல் தங்கள் சொலிடிட்டி நிரல்மொழியிலிருந்து அச்சொல்லை நீக்கியும் விட்டனர். அரிதாகவே பயன்படுகிறதாம்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலை விசுப்பலகையில் அமர்ந்து தோழியரின் பின்னக் கணக்குகளைப் பார்ப்பாள். விடையைச் சொல்லமாட்டாள். தவறிய வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அவளது மதிப்பெண்ணோ நடுத்தரம். பரிசளிப்பு விழாவில் முதல்நிலை, நல்வருகை, விளையாட்டு என்று கிண்ணங்கள் வரிசையாய்ப் போயின. விழா முடிந்ததும் அவள் தாயார் வந்து, "இவளுக்கு ஒன்னும் இல்லையா, டீச்சர்?" என்றார். "அடுத்த ஆண்டு பார்ப்போம்மா," என்றேன். அடுத்த ஆண்டு அக்குடும்பம் ஜொகூருக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

இவ்வாண்டின் பரிசுப் பட்டியலில் 'பிறர் கற்க உதவியவர்' என்றொரு வரியைச் சேர்த்தேன். எதை வைத்துப் புள்ளி வழங்குவீர்கள் என்று தலைமையாசிரியர் வினவினார், நியாயமான வினாதான். ஆகவே, தனக்கு உதவிய ஒருவரின் பெயரையும், எதில் உதவினார் என்பதையும் ஆளுக்கொரு தாளில் எழுதும்படி மாணவர்களிடம் கூறினேன்.

இருபத்தேழு துண்டுத்தாள்கள் என் மேசைமேல் கிடக்கின்றன. ஒன்பதில் ஒரே பெயர். நான் மனத்தில் எண்ணியிருந்த மூவரில் ஒருவர்கூட இல்லை அது.