கடலிற் கழிந்த வாழ்வு

பெரியோர் சரித்திரங்களைப் படிக்குங்கால், அவர் வென்ற போர்களையும் பெற்ற பட்டங்களையுமே நினைவிற் கொள்ளுதல் பெரும்பாலார் வழக்கம். யாமும் அவ்வழக்கிற்கு விலக்கானோம் அல்லோம். ஆயினும் ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் ஒருவரின் வரலாறு, அவர் செய்த போரினால் அன்றி, அவர் தம் வீட்டிற்கு எழுதிய கடிதங்களினாலேயே எம் உள்ளத்திற் பதிந்தது.

எம் தந்தையார் சரக்குக் கப்பலில் மாலுமியாக ஊழியஞ் செய்தவர். ஆண்டிற்கு ஒரு முறை விருந்தினரைப் போல வருவார். மாதம் ஒன்று கழியுமுன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். இளமையில் அவரிடத்து எமக்கு அன்பினும் மனத்தாங்கலே மிகுதியாயிருந்தது. அம்மனத்தாங்கலோடு இக்கல்லூரியிற் பயின்ற நாளில், காலிங்வுட் பிரபுவின் கடிதங்களை அவர் மருமகனார் தொகுத்து 1828-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் எம் கைக்கு எட்டியது.

கத்பர்ட் காலிங்வுட் 1748-ஆம் ஆண்டில் நியூகாஸில் நகரத்து வணிகர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். 1761-இல், பன்னிரண்டு வயதில், உறவினர் ஒருவர் தலைமை வகித்த கப்பலிற் சேர்ந்தார். முதல் நாள் அழுதுகொண்டிருந்த சிறுவனை அதிகாரி ஒருவர் தேற்ற, அவன் தன் தாய் கொடுத்தனுப்பிய பணியாரத்தில் பெரிய துண்டொன்றை அவருக்கு நன்றியோடு அளித்தானென்று சொல்லுவர்.

அக்காலத்துக் கப்பற்படையில் உயர்வடைவது எளிதன்று. ஆறாண்டு கடற்சேவையும் பரீட்சையும் முடித்த பின்னரே லெப்டினன்ட் ஆகலாம்; அதன் மேற்பட்ட பதவிகளுக்குப் பெரிய மனிதரின் ஆதரவு வேண்டும். காப்டன் ஆனபின் தம்மினும் மூத்தோர் விலகும்வரை காத்திருந்தே அட்மிரல் ஆக வேண்டும். போரில்லாத காலத்திலோ பலர் அரைச் சம்பளத்தோடு கரையில் இருந்தனர். செல்வாக்கில்லாத காலிங்வுட், பதினான்கு ஆண்டு உழைத்த பின், 1775-இல் பங்கர் ஹில் போரின்போதே லெப்டினன்ட் ஆயினார். 1780-இல் காப்டன் ஆகி, மத்திய அமெரிக்கக் கரைக்குச் சென்றபோது, அவர் கப்பலிலிருந்த 200 பேரில் 180 பேர் காய்ச்சலுக்கு இரையாயினர்.

அவருடைய தன்மானம் குறிப்பிடத்தக்கது. 1794-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடந்த போரில் அவரும் பங்குகொண்டார். ஆயினும் பதக்கம் அளிக்கப்படவில்லை. 1797-இல் ஸெயின்ட் வின்ஸென்ட் முனைப் போரிற் பெருவீரம் காட்டியதற்குப் பதக்கம் வந்தபோது, முன்னதைக் கொடாதவரை பின்னதைக் கொள்ளேன் என்று மறுத்தார். பின்னர் இரண்டும் அவரை வந்தடைந்தன.

மாலுமிகளை அவர் நடத்திய முறையே எம்மைப் பெரிதுங் கவர்ந்தது. பலரைப் பலவந்தமாய்ப் பிடித்துக் கப்பலில் ஏற்றிக் கசையடியால் அடக்கிய காலம் அது. காலிங்வுட்டின் கப்பலிலோ கசையடி வரவரக் குறைந்து அரிதாயிற்று. குற்றஞ் செய்தவனுக்கு அதிக வேலை கொடுப்பார். அல்லது அவன் பங்கு மதுவில் நீரை மிகுதியாய்க் கலப்பிப்பார். அதிகாரிகள் மாலுமியைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும். பெயர் தெரியாவிடின் ‘மாலுமி’ என்றேனும் அழைக்க வேண்டும் என்பது அவர் ஆணை. இத்தகைய தலைவரின் கீழ்ப் பயின்றவர்களே மூன்றரை நிமிஷத்தில் மூன்று முறை பக்கப் பீரங்கிகளை முழக்க வல்லவராயினர்.

1805-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நடந்த டிரபால்கர்ப் போரில் அவருடைய ‘ராயல் ஸாவரின்’ என்னும் கப்பலே எதிரியின் அணியை முதலிற் பிளந்தது. சற்று நேரம் அது தனித்தே நின்று போரிட்டது. அன்று நெல்ஸன் இறக்க, தலைமை காலிங்வுட்டின் மேல் விழுந்தது. தொடர்ந்து வீசிய புயலிற் பிடிபட்ட கப்பல்களில் 4 மட்டுமே ஜிப்ரால்டர் சேர்ந்தன. நெல்ஸன் விரும்பியவாறு உடனே நங்கூரம் பாய்ச்சியிருக்க வேண்டுமென்று அவரைக் குறைகூறினோர் பலர். ஆயினும் காயமுற்ற ஸ்பானியரை அவர்கள் நாட்டாரிடமே ஒப்படைத்த அவரது கருணையை எதிரிகளும் போற்றினர்.

வெற்றி அவருக்குப் பிரபுப் பட்டத்தைத் தந்தது, வீட்டைத் தரவில்லை. 1791-இல் மணஞ்செய்த மனைவியையும் இரு பெண்மக்களையும் அவர் 1803-க்குப் பின் கண்டதேயில்லை. மத்தியதரைக் கடற்படையை நடத்தியவாறே, மகளிர் கல்வியைப் பற்றிக் கடிதம் எழுதுவார். பெண்கள் வடிவகணிதம் பயில வேண்டும் என்பார். வீட்டிலிருந்த நாட்களில் சட்டைப்பையில் ஓக் மர விதைகளை நிரப்பிக்கொண்டு, பௌன்ஸ் என்னும் தம் நாயோடு உலாவி, நல்ல நிலங் கண்டவிடத்தெல்லாம் ஊன்றுவாராம். பின்வருங் காலத்துக் கப்பல்களுக்கு மரம் வேண்டுமே என்பது அவர் கவலை. அவ்விதைகள் பெருமரமாகுமுன் இரும்புக் கப்பல் வந்துவிட்டது! உடல் நலிந்து 1808-இல் விடுதலை கோரினார், கிடைக்கவில்லை. 1810-இல் அனுமதி பெற்று, மினோர்க்காத் தீவிலிருந்து தாய்நாடு நோக்கிப் புறப்பட்டவர், மறுநாளாகிய மார்ச் 7-ஆம் நாள் கப்பலிலேயே உயிர் நீத்தார். லண்டனில் ஸெயின்ட் பால் ஆலயத்தில் நெல்ஸனுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

வடிவகணிதத்தைப் பற்றிய அக்கடிதத்தைப் படித்த அன்று எம் நெஞ்சு துணுக்குற்றது. ஏனெனில் எம் தந்தையார் எழுதிய கடிதம் ஒன்றும் எம் மேசை அறையில் மூன்று மாதமாய்க் கிடந்தது. “கணிதத்தில் எத்தனை மார்க்கு?” என்பதன்றி அதில் அன்புரை ஒன்றும் இல்லை. அது கண்டிப்பென்றே எண்ணி, விடையெழுதாதிருந்தோம். கடலிலிருக்கும் தந்தைக்குத் தன் பிள்ளையின் வாழ்வில் நுழைய அவ்வொரு வாயில்தான் உண்டு என்பதை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகட்கு முன் மறைந்த அந்நியர் ஒருவர் எமக்கு உணர்த்த வேண்டியதாயிற்று. அன்றிரவே மார்க்கை எழுதினோம், அது குறைவே. அடுத்த முறை வந்த தந்தையார் கடிதத்தைப் பற்றி ஒரு சொல்லுங் கூறவில்லை. எம் கணிதக் குறிப்பேட்டை எடுத்து வரச்சொல்லி, ஏடு ஏடாய்ப் புரட்டி, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

காலிங்வுட்டின் வாழ்வு முற்றும் பின்பற்றத்தக்கதென்று யாம் கூறத் துணியோம். நாட்டிற்குத் தந்த அத்தனை ஆண்டுகளையும் அவருடைய பெண்மக்களிடமிருந்தே எடுத்துத் தந்தார் அன்றோ? அக்கணக்கைத் தீர்ப்பார் யார்? ஆனால், மாணவ நண்பர்காள், விடுதியிற் பலர் மேசையிலும் விடை பெறாத செய்தியொன்று இன்றும் கிடக்கலாம். எழுதியவர் கையில் அன்புச்சொல் இல்லாதிருக்கலாம். இருப்பது ஒரு வினா மட்டுமே ஆகலாம். அதற்கு இன்றே விடையளிப்பீராக.