பாறையில் ஏறிய பாசி

திருவண்ணாமலையில் பாசி என்றால் நமக்கெல்லாம் குளத்துப் பாசிதான் நினைவுக்கு வரும். கால் வைத்தால் வழுக்கும், அவ்வளவுதான். கடற்பாசியைப் பற்றி இந்த ஊரில் உட்கார்ந்து எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. கடலுக்கு நம் ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல்.

காரணம் என் பேரன். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் கரைத்து, இரண்டு கோமாளி மீன் விட்டிருக்கிறான். பவளம் கிடையாது. பவளப் பாறையை உருவாக்கும் உயிர்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. முன்னாள் குமாஸ்தாவான நான் அதில் கறாராக இருந்துவிட்டேன். கடையில் செய்து விற்கும் காய்ந்த பாறைகள்தான் வைத்திருக்கிறான். நாலு மாதத்தில் அந்தப் பாறைகளில் பச்சைத் தலைமயிர் போலப் பாசி முளைத்துவிட்டது.

பாசிக்குச் சாப்பாடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். மீன் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் கழிவிலிருந்தும் அவை வரும். நம் வீட்டில் இன்னொரு வழியும் இருந்தது. தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது, ஆகவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். சமையலறை ஆர்.ஓ. தண்ணீரைத்தானே ஊற்றுகிறேன் என்றான். பல வீட்டு மெஷின்களில் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் பழைய தண்ணீரையே கலந்துவிடுவார்கள். எங்கள் வீட்டுப் பழைய தண்ணீர் போர் தண்ணீர். அப்புறம் பாசி வளராமல் என்ன செய்யும்?

தேய்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தொட்டியிலிருந்தே ஒரு வாளி உப்புத் தண்ணீர் எடுத்து, அதில் பாறையை வைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் பாறையில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். எல்லாப் பாறையையும் ஒரே நாளில் செய்யாமல் வாரம் ஒன்றாகச் செய்தோம். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தோம். பாசி மேயும் நத்தை இரண்டு வாங்கினோம்.

தகராறு வந்தது வாளியில் மிதந்த பாசியால். "ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரி போறோம்ல தாத்தா, கடல்ல கொட்டிடலாம். கடல் சாமான்தானே!" என்றான். "கூடவே கூடாது" என்றேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் கைக்குக் கிடைத்த பிரெஞ்சுப் பத்திரிகைகளில் 'ஆல்க் த்யூயேஸ்' என்று ஒரு பெயர் அடிபட்டது. கொலைகாரப் பாசி என்று அர்த்தம். கௌலெர்ப்பா டாக்சிஃபோலியா என்ற அழகான பாசி. மீன் தொட்டிகளில் அலங்காரத்துக்கு வளர்த்தது. 1984-ல் மொனாக்கோ கடல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே, கடலடியில் சுமார் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு முளைத்திருந்தது. நீஸ் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாந்த்ர் மெய்னேஸ் என்ற பேராசிரியர் கத்திக்கொண்டே இருந்தார். அருங்காட்சியகத் தரப்பிலோ அது எங்களிடமிருந்து வந்ததல்ல என்று வெகுநாள் வாதாடினார்கள். ஃபைல் மேசைக்கு மேசை நகரும் வேகம் எனக்குத் தெரியும். பாசி அதற்குள் இத்தாலி, ஸ்பெயின், குரோவேஷியா வரை போய்விட்டது. அதே பாசி 2000-ல் கலிபோர்னியாவில் ஒரு காயலில் தென்பட்டபோது, உடனே தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் விட்டு, 2006-ல் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்.

வெளிநாட்டுக் கதை என்று பேரன் சிரித்தான். நம் மன்னார் வளைகுடாவைச் சொன்னேன். கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியைத் தொண்ணூறுகளில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூங்கில் மிதவையில் கட்டி வளர்ப்பது. எத்தனையோ மீனவப் பெண்களுக்கு அதில் வருமானம் வந்தது, இன்றும் வருகிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குருசடைத் தீவில் பவளத்தின் மேல் இந்தப் பாசி போர்வை மாதிரி படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். வெயில் படாமல் அடியிலிருக்கும் பவளம் செத்துப்போகும். வனத்துறை ஆள் வைத்துக் கையால் பிடுங்குகிறது. சிறு துண்டு விட்டாலும் மறுபடி முளைக்கும். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பாசியிலிருந்து எடுக்கும் கேராஜீனன் பற்பசையைக் கெட்டியாக்கச் சேர்ப்பது. பேரன் கையிலிருந்த பிரஷ்ஷுக்குத் தெரிந்த சரக்குதான்!

அவன் தொட்டியில் இருந்தது எந்தப் பாசி என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால்தான் பிடிவாதம் பிடித்தேன். பாசியைப் பழைய துணியில் வடிகட்டி, மொட்டை மாடியில் தகரத்தின் மேல் மூன்று நாள் காயவைத்தோம். நம் ஊர் வெயிலில் அது அப்பளமாக நொறுங்கியது. குப்பைக்குப் போயிற்று. வடிகட்டிய தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு ஒரு நாள் வைத்திருந்து பாத்ரூமில் ஊற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பாண்டிச்சேரிக்கு வெறுங்கையோடுதான் போனோம்.